பர்க் என்னும் வினைச்சொல்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்கள் சிலவற்றைத் தமிழில் பெயர்த்துவருகிறேன். ஓரிடத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, அரசு இந்த விசாரணையை 'பர்க்' செய்யப் பார்க்கிறது என்கிறார். எனக்கு உடனே பதினெட்டாம் நூற்றாண்டு நாடாளுமன்றப் பேச்சாளர் எட்மண்ட் பர்க்தான் நினைவுக்கு வந்தார். வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கில் நாள்கணக்கில் பேசியவர் ஆயிற்றே! அதனால் 'பேசிப் பேசி இழுத்தடிப்பது' என்று பொருள் கொண்டு எழுதிவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. அகராதியைப் புரட்டினால் 'மூச்சை அடைத்துக் கொல்', 'வெளியே தெரியாமல் ஒடுக்கு', 'தவிர்' என்று மூன்று பொருள் இருக்கிறது. மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன. கொலைக்கும் எட்மண்ட் பர்க்குக்கும் என்ன சம்பந்தம்? நான் எந்தப் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

இரண்டாவது பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பொருள் தெரியாமல் அதை மொழிபெயர்க்க முடியாது என்பதால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

எட்மண்ட் பர்க் 1797-இலேயே இறந்துவிட்டார். இந்த வினைச்சொல் அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு தூக்குமேடையைச் சுற்றி நின்ற கூட்டத்தின் வாயில் ஒலித்தது. மேடையில் நின்றவன் வில்லியம் பர்க். குடும்பப்பெயர் ஒன்று, நாடும் ஒன்று. இருவருமே அயர்லாந்துக்காரர்கள். வேறு எந்தத் தொடர்பும் இல்லை.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது இலக்கியத்தில் இல்லை. அக்கா மகள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, தேர்வுக்கு முந்தைய நாள் சட்ட மருத்துவப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மூச்சடைப்பு மரணங்கள் பற்றிய பகுதி. தூக்கு, கழுத்தை நெரித்தல், நீரில் மூழ்குதல் என்று வரிசையாக வந்து, 'பர்க்கிங்' என்று ஒன்று வந்தது. நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூக்கையும் வாயையும் கையால் பொத்துவது. "இதுல உடம்புல அடையாளமே பெருசா இருக்காது, மாமா. அதான் இதைத் தனியா சொல்லித்தர்றாங்க" என்றாள். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. ஆங்கிலப் பொதுவழக்கில் மங்கிப்போன முதல் பொருள், இன்றும் நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக உயிரோடு இருக்கிறது. 'அடையாளமே இருக்காது' என்று அவள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லின் எல்லாப் பொருளும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைய எடின்பரோ, உடற்கூறியல் படிக்க மாணவர்கள் தேடிவந்த நகரம். அறுத்துப் படிக்க உடல்கள் வேண்டும். சட்டம் அனுமதித்ததோ மிகச் சில உடல்களைத்தான், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளுடையது போன்றவை. அதனால் புதைத்த உடலைத் தோண்டி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. உறவினர்கள் கல்லறையில் இரவு காவல் இருந்தார்கள். வசதியுள்ளவர்கள் புதைகுழிமேல் இரும்புக்கூண்டு போட்டுப் பூட்டினார்கள். எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூண்டுகளை இன்றும் பார்க்கலாம்.

பர்க்கும் வில்லியம் ஹேரும் கால்வாய் வெட்டும் வேலைக்காக ஸ்காட்லாந்து வந்தவர்கள். பிற்பாடு பர்க் செருப்புத் தைத்துப் பிழைத்தான். வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேரும் அவன் மனைவியும் ஒரு மலிவான தங்கும் விடுதி நடத்தினார்கள். 1827 நவம்பர் கடைசியில் அங்கே தங்கியிருந்த முதிய ஓய்வூதியக்காரர் ஒருவர் நோயில் இறந்துபோனார். அவர் ஹேருக்கு நான்கு பவுண்டு பாக்கி. கடனை ஈடுகட்ட, சவப்பெட்டியில் மரப்பட்டையை நிரப்பி மூடிவிட்டு, உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸ் நடத்திய உடற்கூறியல் பள்ளியில் விற்றார்கள். ஏழு பவுண்டு பத்து ஷில்லிங் கிடைத்தது. இதுவரை கொலை இல்லை. ஆனால் ஒரு உடலுக்கு என்ன விலை என்பதும், வாங்குகிற இடத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

1828-இல், அக்டோபர் முடிவதற்குள், பதினாறு பேரைக் கொன்றார்கள். குளிர்காலத்தில் ஒரு உடலுக்குப் பத்து பவுண்டு, கோடையில் எட்டு. ஆளைக் கூட்டிவந்து விஸ்கி ஊற்றிக்கொடுத்து, மயங்கியதும் ஒருவன் நெஞ்சில் ஏறிக்கொள்ள மற்றவன் மூக்கையும் வாயையும் பொத்துவான். கத்தி கிடையாது, கயிறு கிடையாது. காயம் பட்டால் சரக்கு கெட்டுவிடும், கேள்வியும் வரும்.

இறந்தவர்கள் யார் என்று பாருங்கள். உப்பு விற்க நகரத்துக்கு வந்த அபிகெய்ல் சிம்ப்சன். சாம்பலில் கரி பொறுக்கிப் பிழைத்த ஒரு பெண். ஒரு பாட்டியும் அவளுடைய பேரப்பிள்ளையும். காணாமல் போனால் தேடிவர ஆளில்லாதவர்கள், தேடினாலும் காதுகொடுத்துக் கேட்க ஆளில்லாதவர்கள். ஜேமி வில்சன் மட்டும் விதிவிலக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயது. கொஞ்சம் மனவளர்ச்சி குன்றியவன். காலை இழுத்து இழுத்து வெறுங்காலில் தெருவெல்லாம் சுற்றுவான். நகரத்துக்கே செல்லப்பிள்ளை. அவன் உடல் மேசைக்கு வந்தபோது மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டார்கள். இது ஜேமி இல்லை என்று நாக்ஸ் மறுத்ததாகவும், அந்த உடலை வழக்கத்தைவிட வேகமாக அறுக்கத் தொடங்கியதாகவும் பிற்பாடு பேசப்பட்டது. அதற்கு முன்பே மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண்ணின் உடலையும் அங்கே ஒருவர் அடையாளம் கண்டிருந்தார். எங்கே கிடைத்தது என்று பர்க்கிடம் கேட்டதற்கு, ஒரு கிழவியிடம் வாங்கினேன் என்றான். அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஒரு வீட்டு அறையில் கையால் பொத்தப்பட்டது மேரியின் வாய். உடற்கூறியல் அறையில் பொத்தப்பட்டது 'இவள் எப்படி இறந்தாள்?' என்ற கேள்வி. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். இரண்டாவது நடக்காமல் முதலாவது பதினாறு தடவை நடந்திருக்காது.

அது முடிவுக்கு வந்த விதத்தையும் சொல்லவேண்டும். 1828 அக்டோபர் 31 இரவு மார்கரெட் டோச்சர்ட்டி என்ற அயர்லாந்து மூதாட்டியைக் கொன்றார்கள். மறுநாள், பர்க்கின் வீட்டில் தங்கியிருந்த கிரே என்ற தம்பதியர் கட்டிலடியில் வைக்கோலுக்குள் அவருடைய உடலைப் பார்த்துவிட்டார்கள். பர்க்கோடு வாழ்ந்த ஹெலன் மக்டூகல் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். வாயைத் திறக்காமல் இருந்தால் வாரம் பத்து பவுண்டுகூடக் கிடைக்கும் என்று ஆசைகாட்டினாள். கையில் காசில்லாத, தங்க இடமில்லாத குடும்பம் அது. நேராகப் போய்க் காவலரிடம் சொன்னார்கள். நாக்ஸின் பள்ளியில் படிப்பாளிகள் கேட்காமல் விட்டதை இந்த ஏழைகள் ஒரே நாளில் கேட்டார்கள்.

வழக்கு நடந்தபோதும் அந்த 'அடையாளமின்மை' குறுக்கே நின்றது. மூதாட்டியின் உடலைப் பரிசோதித்தவர் ராபர்ட் கிறிஸ்டிசன், எடின்பரோவின் சட்ட மருத்துவப் பேராசிரியர். மூச்சடைத்து இறந்திருக்கக்கூடும் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது, உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மருத்துவச் சான்று போதாது என்றானதும், அரசுத் தரப்பு ஹேருக்கு மன்னிப்புக் கொடுத்து அவனைச் சாட்சியாக்கிக்கொண்டது. 1828 டிசம்பர் 24 காலை தொடங்கிய விசாரணை கிறிஸ்துமஸ் அன்று காலை முடிந்தது. பர்க்குக்குத் தூக்கு. மக்டூகல்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. ஹேர் சில வாரங்களில் வெளியே வந்துவிட்டான். நாக்ஸ் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படவே இல்லை. வினைச்சொல்லில் பர்க்கின் பெயர் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான். தடயம் வைக்காத கொலை, தண்டனைக்கு ஒருவனை மட்டும் விட்டுவைத்தது.

1829 ஜனவரி 28 அன்று தூக்கு. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம் என்பார்கள். சில நாள் கழித்து, பிப்ரவரி 2 தேதியிட்ட லண்டன் டைம்ஸ் நாளிதழ் கூட்டத்தின் கூச்சலைப் பதிவுசெய்கிறது. தூக்குப்போடுபவர் தன் வேலையைத் தொடங்கியதும் 'அவனை பர்க் பண்ணு, பர்க் பண்ணு, கயிறு கொடுக்காதே!' என்று கத்தினார்கள். அச்சில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று இது. ஒரு மனிதன் உயிரோடு நின்றுகொண்டிருக்கும்போதே அவன் பெயர் வினையாகி, அந்த வினையை அவன்மேலேயே செய்யச்சொல்லி ஊர் கேட்டிருக்கிறது.

ஆங்கிலத்தின் அமைப்பு இதற்கு இடம்கொடுத்தது. பெயரைத் தூக்கி வினை வரும் இடத்தில் வைத்தால் போதும், விகுதிகூட வேண்டாம், அது வினையாகிவிடும். அதே அயர்லாந்தில் 1880-இல் கேப்டன் சார்லஸ் பாய்காட் என்ற பண்ணை மேலாளரைக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்தபோதும் இதுவேதான் நடந்தது. தமிழில் அப்படிச் செய்ய முடியாது. சகுனியை வைத்து நாம் 'சகுனி வேலை' என்கிறோம், 'எட்டப்பன் வேலை' என்கிறோம், 'கும்பகர்ணத் தூக்கம்' என்கிறோம். பெயர் பெயராகவே நின்று இன்னொரு சொல்லுக்குத் துணைபோகும். அதனால் நமக்கு ஆள் மறப்பதில்லை. ஆங்கிலத்தில் வினையான பெயர் நாளடைவில் முதல் எழுத்தின் பெரிய வடிவத்தையும் இழந்துவிடுகிறது, பிறகு அதற்குள் ஒரு ஆள் இருந்தான் என்பதே தெரிவதில்லை. நீங்கள் எட்மண்டிடம் போனது இதனால்தான், உங்கள் கவனக்குறைவால் இல்லை.

முதல் சில ஆண்டுகள் 'பர்க்' என்றால் கொலைதான். 1831-இல் லண்டனில் பிஷப், வில்லியம்ஸ் என்ற இருவர் ஒரு சிறுவனைக் கொன்று, உடலை ஒரு கல்லூரிக்கு விற்க முயன்று பிடிபட்டார்கள். 'லண்டன் பர்க்கர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். 1836-37இல் வெளிவந்த டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸில், ஒரு வியாபாரி காணாமல் போன கதையை வேலைக்காரன் சொல்ல, பிக்விக் சுற்றுமுற்றும் பார்த்தபடி, 'அவரை பர்க் பண்ணிவிட்டார்கள் என்றா சொல்கிறாய்?' என்று கேட்கிறார். விளக்கம் எதுவும் இல்லை. வாசகர்களுக்கு அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

இதற்கு நடுவே, 1832-இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. ஏழைகள் விடுதிகளில் இறந்து யாரும் கேட்டுவராத உடல்களை மருத்துவப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. திருட்டும் கொலையும் நின்றன. முன்பு கொலையாளிக்குத் தண்டனையாக இருந்தது இப்போது ஏழைக்கு வந்தது என்று அப்போதே பலர் கொதித்தார்கள். அவர்கள் கொதித்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

பர்க்கர்கள் இல்லாமல் போனதும் சொல்லுக்கு வேலை குறைந்திருக்கவேண்டும். ஆனால் 1830-களிலேயே அது வேறு இடத்துக்குக் குடிபோயிற்று. நாளிதழ் ஒரு பேச்சை வெளியிடாமல் விட்டால் 'பர்க்' செய்துவிட்டது என்றார்கள். அறிக்கையை, விவாதத்தை, விசாரணையை 'பர்க்' செய்வது நாடாளுமன்றத்தில் அன்றாடப் பேச்சாயிற்று. பெரும்பாலோர் இதைப் பொருள் நீர்த்துப்போன கதையாகத்தான் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மேரி பேட்டர்சனின் உடலைக் கண்ட அந்த அறையில் இந்த இரண்டாம் பொருள் ஏற்கெனவே இருந்தது. சொல் பிற்பாடுதான் அதைக் கண்டுகொண்டது.

தடைசெய்வதும் பர்க் செய்வதும் ஒன்றல்ல என்பதை மொழிபெயர்ப்பாளராக நீங்கள் கவனிக்கவேண்டும். தடை என்றால் ஒரு ஆணை இருக்கும், கையெழுத்து இருக்கும், எதிர்த்து வழக்குப் போடலாம். பர்க் செய்யப்பட்ட விசாரணைக்கு எந்த ஆணையும் இருக்காது. குழு கூடாது, நேரம் இருக்காது, வேறு அவசர வேலை வந்துவிடும், அறிக்கை அச்சுக்குப் போகாது. இறந்தது தெரியும், கொன்றது தெரியாது.

மூன்றாவது பொருள், 'தவிர்', இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் எழுத்தில் தென்படுவது. சிக்கலான பிரச்சினையை நேராகப் பார்க்காமல் நழுவுவது. தமிழில் 'மழுப்புவது', 'தட்டிக்கழிப்பது' என்போம். எனக்கு இந்தப் பயன்பாடு பிடிக்கவில்லை. நழுவுகிறவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். இன்னொருவர் வாய்மேல் வைத்த கை அதில் இல்லை. கை போனபின் அந்தச் சொல்லில் என்ன மிச்சம்? அது இப்போது அருகிவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

சரி, எட்மண்ட் பர்க்குக்கு வருகிறேன். 1785 பிப்ரவரி 28 அன்று அவர் நாடாளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்கள் குறித்துப் பேசினார். நவாப் முகமது அலிக்கு வட்டிக்கு விட்டதாகச் சொல்லி, பால் பென்ஃபீல்டு போன்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் பெருந்தொகை கேட்டார்கள். அந்தக் கடன்களில் எது உண்மை, எது பொய் என்று விசாரிக்காமலே கர்நாடகத்தின் (நவாபின் ஆட்சிப்பகுதிக்கு அன்றைய பெயர், இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) வருவாயிலிருந்து அடைக்க அரசு ஏற்பாடு செய்தது. அதாவது நம் ஊர்களின் நிலவரியிலிருந்து. ஆவணங்களைச் சபையின் முன் வையுங்கள், விசாரியுங்கள் என்பதுதான் பர்க் தரப்பின் கோரிக்கை. ஹைதர் அலியின் படையெடுப்பில் நாசமான கர்நாடகத்தைப் பற்றியும், வறண்ட நிலத்துக்கு ஏரிகள் வெட்டிவைத்த பழைய அரசர்களைப் பற்றியும் அந்த உரையில் அவர் மனமுருகிப் பேசினார். தீர்மானம் தோற்றது. விசாரணை நடக்கவில்லை. உங்கள் உறுப்பினர் சொல்லும் அதே பொருளில், எட்மண்ட் பர்க்கின் கோரிக்கை 'பர்க்' செய்யப்பட்டது, அந்தச் சொல் பிறப்பதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே. அப்படிச் செய்யப்பட்டது நம் மண்ணைப் பற்றிய ஒரு கேள்வி.

இனி தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்க்கலாம். 'ஒடுக்கு' வேண்டாம், அதில் படையும் தடியும் தெரிகின்றன. 'கிடப்பில் போடு' என்பது கிட்டத்தில் வருகிறது, ஆனால் கிடப்பில் போட்டது சாகாது, என்றைக்காவது எடுத்துத் தூசி தட்டலாம். 'மூடி மறை' என்பதில் உண்மையை ஒளிப்பது இருக்கிறது, மூச்சை நிறுத்துவது இல்லை. 'அமுக்கு' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். கையால் அழுத்துவதும் அமுக்குவதுதான். வழக்கை வெளியே தெரியாமல் முடிப்பதும் அமுக்குவதுதான். தூக்கத்தில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சுமுட்டி, கத்தவும் முடியாமல் கிடந்தால் 'அமுக்குவான் பேய்' என்கிறோம். பணத்தை அமுக்கிவிட்டான் என்றால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டான் என்று பொருள். அமுக்குணி என்றால் உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே காட்டாதவன். பர்க்கின் முதல் பொருளும் இரண்டாம் பொருளும், அவன் வாங்கிய பத்து பவுண்டும்கூட, இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எடின்பரோவில் ஒரு பெயரைப் பிடித்து வந்துதான் இதைச் சொல்லவேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சொல் வீட்டிலேயே இருந்தது.

ஆகவே உங்கள் வாக்கியத்தை 'அரசு இந்த விசாரணையைச் சத்தமில்லாமல் அமுக்கப் பார்க்கிறது' என்று மாற்றிவிடுங்கள். அடிக்குறிப்பும் போடுவதாக இருந்தால், வில்லியம் பர்க்கின் பெயரோடு நிறுத்தாதீர்கள். மார்கரெட் டோச்சர்ட்டி என்றும் எழுதுங்கள். அவருடைய உடலைப் பார்த்ததைக் கிரே தம்பதியர் போய்ச் சொன்னார்கள் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.